குரலுக்கு வாரிசு

1

மூதாதையர் விட்டுச் செல்லும் நிலத்துக்கும் வீட்டுக்கும் நகைக்கும் கடனுக்கும் வாரிசு யார் என்று தீர்மானிக்க நம்மிடம் சட்டம் இருக்கிறது. சட்டம் போதாத இடத்தில் வழக்கம் இருக்கிறது. இரண்டும் போதாத இடத்தில் பங்காளிச் சண்டை இருக்கிறது. குரலுக்கு வாரிசு யார் என்று கேட்டால் மட்டும் கேள்வியே விளங்காதவர்கள் போல விழிக்கிறோம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மனித சரித்திரத்தில் மிகச் சமீப காலம் வரையில் குரல் என்பது விட்டுச் செல்லக்கூடிய வஸ்துவாக இருக்கவில்லை. எழுத்து மிஞ்சியது, சிலை மிஞ்சியது, குரல் உடம்போடு சேர்ந்து எரிந்தது. 1877இல் எடிசன் மெல்லிய உலோகத் தாளில் ஒலியைக் கீறி அதையே மறுபடி பேச வைத்த பிறகுதான், செத்துப் போனவன் பாடுவதைக் கேட்பது என்ற விபரீதம் சாத்தியமாயிற்று. நூற்றைம்பது ஆண்டு கூட ஆகாத இந்த அனுபவத்துக்கான தார்மீகத்தை நாம் இன்னும் யோசித்து முடிக்கவில்லை. யோசிக்கத் தொடங்கினோமா என்பதே சந்தேகம்.

இன்று ஏராளமானவர்கள் தங்கள் முன்னோர் பாடிய, வாசித்த பழைய இசைத்தட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தாவின் நாகஸ்வரம், பாட்டியின் ஜாவளி, நாடகக் கம்பெனியில் ராஜபார்ட் கட்டிய பெரியப்பாவின் விருத்தம் என்று ஏதோ ஒன்று எங்கோ ஒரு தட்டில் இருப்பதாக வீட்டில் ஒரு பேச்சு இருக்கும். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நூலகம், சேகரிப்பாளர், பழைய சாமான் கடை, கம்பெனிகளின் பழைய விலைப்பட்டியல் என்று அலைகிறார்கள். இந்த அலைச்சலைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. நானும் அலைந்தவன். அலைச்சலோடு கூடவே வரும் ஒரு பாஷைதான் என்னை உறுத்துகிறது. ‘மீட்டுவிட்டோம்’, ‘எங்கள் சொத்து’, ‘எங்கள் ரத்தத்தில் ஓடுவது’ என்கிறார்கள். சொத்து பாகப்பிரிவினைக்கு உரிய இந்தச் சொற்கள் குரலுக்குப் பொருந்துமா? இறந்தவரின் குரலில் சந்ததிக்கு என்ன உரிமை? கண்டெடுத்து உலகுக்குச் சொல்லும் உரிமை உண்டு என்றால், அதே நியாயப்படி, வேண்டாமென்று மூடி வைக்கும் உரிமையும் உண்டா? இந்த இரண்டாவது கேள்விதான் நம் ஊரில் நிஜமானது. முதல் கேள்வியைப் பற்றி மட்டும் பேசுவது சௌகரியமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

2

உரிமையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் குரல் எப்படித் தட்டில் ஏறியது என்று பார்த்துவிடுவது நல்லது. லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவில் வந்து இறங்கினார். அந்த நவம்பர் மாதத்தில் அவர் பதிவு செய்தவர்களில் முதன்மையானவர் கௌஹர் ஜான். பதிவான மெழுகுத் தகடுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போயின. அங்கே அரக்குத் தட்டுகளாக அச்சாகித் திரும்பின. கல்கத்தாவிலேயே ஆலை வந்தது 1908இல்தான். அரக்கு பெரும்பாலும் நம் காடுகளில் பூச்சி கட்டியது. நம் அரக்கும் நம் குரலும் தனித்தனியே கடல் கடந்து, அங்கே ஒன்று சேர்ந்து, விலைச் சரக்காக நமக்கே வந்தன.

ஹானோவரில் தட்டின் நடுவில் லேபில் ஒட்டுகிறவனுக்கு இந்துஸ்தானியும் தெரியாது, வங்காளியும் தெரியாது. எந்தத் தகட்டில் யார் குரல் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகப் பாட்டு முடிந்த கையோடு பாடியவரே தம் பெயரை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கௌஹர் ஜான் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார். அந்நாளைய இந்தியத் தட்டுகள் பலவற்றில் இப்படிப்பட்ட அறிவிப்பு உண்டு. கலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொழிற்சாலையின் ஒரு சௌகரியம், அவ்வளவுதான். இருந்தாலும் பாடியவர் தம் வாயால் தம் பெயரைச் சொன்னார் என்ற இந்தச் சின்ன விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

1925க்கு முன்னால் மின்சாரப் பதிவு கிடையாது. ஒரு பெரிய கூம்புக்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். மெல்லப் பாடினால் ஊசி அசையாது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலாக இடம். ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் விஸ்தரிக்கக்கூடியவர் அந்த மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தைக் கோடி காட்டி, பல்லவி அனுபல்லவி சரணத்தை ஓட்டி, பெயரையும் சொல்லி முடிக்க வேண்டும். ஆகவே நமக்குக் கிடைப்பது மூதாதையின் சங்கீதம் என்று சொல்லிவிட முடியாது. யந்திரம் கேட்டதற்கு அவர் கொடுத்த பதில் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்தப் பதில் பல இடங்களில் அபாரமாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

தெற்கில் இப்படிப் பதில் சொல்ல முன்வந்தவர்கள் யார்? பெரிய வித்வான்களில் பலர் ஒதுங்கி நின்றார்கள். குரல் போய்விடும் என்ற பயம் இருந்தது. கண்ட இடத்திலும் கண்டவர் காதிலும் சங்கீதம் விழும் என்ற அருவருப்பு அதைவிட அதிகம் இருந்தது. தயங்காமல் கூம்பின் முன் போய் நின்றவர்களில் கணிசமானவர்கள் பெண்கள், அதிலும் தேவதாசி மரபில் வந்தவர்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, தனகோடி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று அந்தப் பெயர்கள் பெரும்பாலும் ஊரோடு சேர்ந்தே வரும். தகப்பன் பெயர் இல்லை, புருஷன் பெயர் இல்லை, ஊர்தான் முதலெழுத்து. தென்னிந்திய இசைத்தட்டின் தொடக்க காலத்துக் குரல் பெருமளவுக்கு இவர்களுடையது. தேடுகிறவன் எதைத் தேடப் புறப்பட்டாலும் சீக்கிரமே இவர்கள் முன்னால் போய் நிற்பான்.

சட்டம் இவர்களுக்கு என்ன கொடுத்தது? ஒன்றுமில்லை. ஒலிப்பதிவின் உரிமை பதிவு செய்த கம்பெனியுடையது. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. தட்டு வெளியாகி 60 ஆண்டு போனால் அந்த உரிமையும் முடிந்துவிடும். பாடுகிறவருக்கு, வாசிக்கிறவருக்கு என்று ஓர் உரிமை இருக்கலாம் என்பதே 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சட்டத்துக்கு உறைத்தது. ஆக, 1908இல் வெளியான ஒரு தட்டில் உள்ள குரல் சட்டத்தின் கண்ணில் இன்று யாருடையதும் அல்ல. பாடியவருடையதாக அது ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரு நாளும் அவருடையதாக இல்லாத ஒன்று அவர் கொள்ளுப்பேரனுக்கு எப்படி வாரிசுச் சொத்தாக இறங்கும்?

3

என் பிழைப்பு வங்கிக் கவுண்டரில். இலக்கியக் கட்டுரையில் அதைக் கொண்டுவருவது சிலருக்கு ரசக்குறைவாகப் படலாம். ஆனால் வாரிசு என்ற சொல்லின் அர்த்தத்தை நான் படித்த ஆங்கில இலக்கியத்தைவிட என் கவுண்டர்தான் எனக்குத் துல்லியமாகக் கற்றுக்கொடுத்தது.

டெபாசிட் போட்டவர் இறந்துவிட்டால் நாமினி வருவார். கையில் இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், முகத்தில் ஒரு தீர்மானம். பணம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு வருவார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வங்கிகளுக்கு வந்த இந்த நாமினி ஏற்பாடு, பணத்தை யாரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீரும் என்பதை மட்டுமே சொல்கிறது. நாமினி பெறுகிறவர். உடையவர்கள் சட்டப்படியான வாரிசுகள். அவர்களுக்காகத்தான் அவர் பெற்றுக்கொள்கிறார். உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இதைத் தெளிவுபடுத்திவிட்டது. இருந்தும் இந்த வித்தியாசத்தைக் கவுண்டரில் விளக்கி ஒருவரைக்கூட நான் சந்தோஷப்படுத்தியதில்லை.

பழைய தட்டைக் கண்டெடுக்கும் சந்ததியை நான் நாமினி என்றே நினைக்கிறேன். தட்டு அவன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவன் வாங்காவிட்டால் அது யாரிடமும் போகாமல் எங்கோ கிடந்து உடையும். ஆகவே வாங்குவது அவன் கடமை. வாங்கியதாலேயே அது அவனுடையதாகிவிடாது. யாருக்காகப் பெறுகிறான் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. பத்து ஆண்டு யாரும் தொடாத டெபாசிட்டை 2014 முதல் நாங்கள் ரிசர்வ் வங்கியின் ஒரு தனி நிதிக்கு அனுப்பிவிடுகிறோம். உரிமை கோரப்படாத டெபாசிட் என்று அதற்குப் பெயர். அனுப்பிவிட்டாலும் உரிமை செத்துவிடுவதில்லை. உரியவர் எப்போது வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். அந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் சேகரிப்பாளர்களின் தட்டுப் பட்டியல்கள் எனக்கு ஞாபகம் வரும். பெயர், ஊர், எண், தேதி. யாரும் வந்து கேட்கவில்லை.

4

என் விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மாவின் பாட்டி 1930களின் தொடக்கத்தில் சில தட்டுகள் கொடுத்தவள். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கோயில் ஊர். தட்டுகள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. கிணற்றில் போட்டார்கள் என்பது ஒரு பாடம். ஊர் மாறும்போது வண்டியில் உடைந்தன என்பது இன்னொரு பாடம். பாடபேதம் இருந்தால் மூலத்தில் ஏதோ மறைந்திருக்கிறது என்று ஊகிப்பது விமர்சகனின் தொழில்புத்தி. என் மாமாவிடம் கேட்டேன்.

“நீ தேடு, கேளு, யாரு வேணாங்கறது? பேரை மட்டும் எங்கயும் எழுதிடாதேப்பா. வீட்டுல ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது” என்றார்.

இதைப் பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். மாமா முட்டாள் அல்ல. அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. ஒழிக்க வேண்டிய வழக்கம்தான். சிறுமிகளுடைய சம்மதத்தைக் கேட்காமல் அவர்கள் வாழ்க்கையை எழுதிவைத்த வழக்கம். அதே காலத்தில் அந்தப் பெண்களின் சங்கீதமும் ஆட்டமும் சபா மேடைக்கு இடம் மாறின. புதிய மேடையில் அவர்களில் மிகச் சிலருக்கே இடம் கிடைத்தது. கலை மரியாதை பெற்றது, அதைக் காத்துவந்த வீடுகள் அவமானம் பெற்றன. அவமானத்திலிருந்து தப்ப அந்த வீடுகளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது: மறப்பது. பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், உத்தியோகத்துக்கு அனுப்பினார்கள், ஊரை விட்டு வந்தார்கள், பாட்டை நிறுத்தினார்கள். என் வங்கி உத்தியோகமும் ஒரு வகையில் அந்த மறதியின் பலன்தான். மறதியை நிந்திக்கும் சுதந்திரத்தைக்கூட மறதிதான் எனக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது.

தட்டு கிடைத்தது. வேறொரு மாநிலத்தில் உள்ள ஒரு சேகரிப்பாளர், பணம் வாங்க மறுத்து, ஒரே ஒரு தட்டின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து அனுப்பினார். ஒரு பக்கம் ஜாவளி, மறு பக்கம் திருப்புகழ். லேபிலில் ஊர் பெயரும் அவள் பெயரும். நான் கேட்டபோது என்ன உணர்ந்தேன் என்று சிலர் கேட்கிறார்கள். ரத்தம் பேசியதா என்கிறார்கள். இல்லை. அம்மாவின் குரலோ சித்தியின் குரலோ அதில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டது ஒரு பெண் குரல், நல்ல தேர்ச்சி, கொஞ்சம் அவசரம், மேல் ஸ்தாயியில் பயமின்மை, சரணத்தில் ஒரு சொல்லைச் சற்றே விழுங்கிவிட்டு லயத்தைக் காப்பாற்றிக்கொண்ட சாமர்த்தியம். மாமா சொல்லும் வயதுக் கணக்கைப் பார்த்தால் அப்போது அவளுக்கு இருபத்திரண்டு அல்லது இருபத்து மூன்று. என் கொள்ளுப்பாட்டி என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். மூதாதை என்ற சொல் அந்த இடத்தில் எனக்கு அர்த்தமிழந்து போயிற்று. அவளுக்கு அப்போது பேரனும் இல்லை, கொள்ளுப்பேரனும் இல்லை. தொழில் இருந்தது. எந்தச் சந்ததியையும் உத்தேசித்து அவள் பாடவில்லை. அந்த வருஷம் தட்டு வாங்கப்போகிற யாரோ முகம் தெரியாதவருக்காகப் பாடினாள். நான் அவளுடைய கேட்பவர்களில் ஒருவன். தாமதமாக வந்தவன். உறவு அதற்கு மேல் எதையும் கூட்டவில்லை என்றே எனக்குப் படுகிறது.

5

குடும்பத்துக்கு மூடி வைக்கும் உரிமை உண்டா என்ற கேள்விக்கு வருவோம். உண்டு என்று சொல்கிறவர்கள் பக்கம் வலுவான ஓர் உதாரணம் இருக்கிறது. 1890 மார்ச்சில் அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் ஜெஸ்ஸி வால்டர் பியூக்ஸ் என்ற ஆய்வாளர் பாஸமக்வாடி என்ற பழங்குடி மக்களின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். களத்துக்குப் போய் எடுத்த ஒலிப்பதிவுகளில் முதலாவதாக இதைச் சொல்கிறார்கள். பாடியவர்களில் நோயல் ஜோசப்ஸ், பீட்டர் செல்மோர் என்ற பெயர்கள் பதிவில் உள்ளன. உருளைகள் முதலில் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்திலும் பிறகு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திலும் இருந்தன. 1980களில் அந்த மக்களுக்கு நாடாப் பிரதி வந்தது. இரைச்சலுக்கு நடுவே குரலைத் தேட வேண்டியிருந்தது. பல பத்தாண்டு கழித்து நவீன முறையில் துலக்கிய பிரதிகள் வந்தன. மூத்தவர்கள் உட்கார்ந்து சொல் சொல்லாகக் கேட்டு எழுதினார்கள். வழக்கொழிந்த பாட்டுகள் மறுபடி வாய்க்கு வந்தன. 2018இலிருந்து நூலகத்தின் அட்டவணையிலேயே, இந்தப் பதிவை எப்படிக் கையாள வேண்டும் என்று அந்தச் சமூகம் விதிக்கும் நிபந்தனைகள் அடையாளக் குறிகளாக இடம்பெற்றுள்ளன. சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்ற விவாதத்தைத் தாண்டி, கேட்பவன் முதலில் அவர்கள் சொல்லைக் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு இது. நியாயமான ஏற்பாடு.

இதைக் காட்டி என் மாமாவின் கட்சிக்காரர்கள் கேட்கலாம்: அங்கே சந்ததிக்கு உள்ள சொல்லுரிமை இங்கே எங்களுக்கு ஏன் இல்லை? வித்தியாசம் இருக்கிறது. அங்கே பாடப்பட்டது ஒரு சமூகத்தின் பொது உடைமை. பாடியவர் தனக்கென்று பாடவில்லை, விற்கவும் பாடவில்லை. கேட்ட ஆய்வாளன் வெளியாள், எடுத்துக்கொண்டு போனான். அந்தப் பாட்டுக்கு அன்றும் இன்றும் உரியவர்கள் ஒரே கூட்டம்தான். இங்கே பாடியவள் தன் தொழிலைத் தெரிந்து சந்தைக்கு வந்தவள். தன் பெயரைச் சொன்னவள், தன் ஊரை லேபிலில் போட ஒப்புக்கொண்டவள். கேட்கப்பட வேண்டும் என்பது அவள் இஷ்டம். குடும்பம் விதிக்கும் மௌனம் அவள் இஷ்டத்துக்கு எதிரானது. சந்ததியின் உரிமை என்ற ஒரே வார்த்தையால் இரண்டையும் மூடிவிடக் கூடாது.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட நம் சிப்பாய்கள் பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ப் முகாமில் இருந்தார்கள். வில்ஹெல்ம் டோகன் என்பவரின் ஏற்பாட்டில் மொழி ஆராய்ச்சிக்காக அவர்கள் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தார்கள். மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் 1916 டிசம்பர் 11 அன்று கூம்பின் முன் நின்று, யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வது போலத் தன் கதையைச் சொன்னார். ஊரில் வெண்ணெய் தின்று வளர்ந்தவன், போருக்கு வந்தவன், ஊர் திரும்ப ஏங்குகிறவன். ஆராய்ச்சியாளனுக்கு வேண்டியிருந்தது உச்சரிப்பு. அந்த உச்சரிப்புக்குள் அவர் ஒரு கடிதத்தை ஒளித்து வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. பிலிப் ஷெஃப்னர் என்ற ஜெர்மானியர் 2007இல் இந்தப் பதிவுகளைத் தேடி ஒரு படம் எடுத்தார். கைதியின் குரலைப் பொறுத்தவரையில் தேடுகிறவனின் கடமை தெளிவானது: கடிதத்தை மேல்விலாசக்காரரிடம் சேர்க்க வேண்டும். மூன்று இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று இப்போது புரிகிறது. இந்தக் குரல் யாரை நோக்கி எழுப்பப்பட்டது? யாருடைய ரத்தம் என்பது அதற்குப் பின்னால்தான்.

6

ரத்தத்தில் ஓடுவது என்ற பேச்சுக்கு வருகிறேன். சங்கீதம் ரத்தத்தில் ஓடுவதில்லை. காதில் விழுந்து, தொண்டையில் பழகி, கையில் படிகிறது. வீணை தனம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியா கம்பெனி 1932இல் அவரைப் பதிவு செய்தபோது அறுபது தாண்டியவர், கண் பார்வை மங்கிவிட்டது. கிடைப்பது சில தட்டுகளே. அவை இல்லாமல் போயிருந்தாலும் தனம்மாள் முழுக்கத் தொலைந்திருக்க மாட்டார். பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி, பேரன் விஸ்வநாதன் ஆகியோரிடம் அவர் பாணி இருந்தது. அவர்களுக்கு அது பிறப்பால் கிடைத்துவிடவில்லை; உட்கார்ந்து, திட்டு வாங்கி, ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டுக் கிடைத்தது. அந்த வீடு எதையும் மறைக்கவும் இல்லை. மறைக்காத வீட்டுக்குத் தேடலும் தேவைப்படவில்லை. தட்டைத் தேடும் ஆவேசம் பெரும்பாலும் பாடம் அறுந்துபோன வீடுகளில்தான் பிறக்கிறது என்பது நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

பாடத்தால் வரும் வாரிசுக்கு எல்லை கிடையாது. ரவேலின் மாணவர் மோரிஸ் டெலாஜ் 1912இல் இந்தியா வந்தவர். கோயம்புத்தூர் தாயி அருட்பா பாடிய தட்டை அடியொற்றி ‘ராகமாலிகா’ என்ற உருப்படியை இயற்றினார். பிரெஞ்சுக்காரர் காதில் தாயியின் கமகம் எப்படி விழுந்தது, எதை எடுத்தார், எதை விட்டார் என்று விவாதிக்கலாம். நன்றாகக் கேட்டார் என்பதை மறுக்க முடியாது. தாயியின் குரலை அன்று இவ்வளவு தீவிரமாகக் கேட்ட தமிழ்ச் சங்கீத விமர்சகன் யார் என்று கேட்டால் எனக்குச் சொல்லப் பெயரில்லை.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம். தஞ்சை மராட்டிய அரசவையில் 18ஆம் நூற்றாண்டில் இருந்த கணிகை முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியம் எழுதினார். பின்னால் வந்த சீர்திருத்தவாதிகளுக்கு அது ஆபாசமாகப் பட்டது. வெட்டப்பட்ட பதிப்பு புழங்கியது. முத்துப்பழனி தம் பெயரையும் தம் பாட்டி, தாய் பற்றியும் எழுதியிருந்த பகுதிகள்கூட அதில் தப்பவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, முழுமையாக 1910இல் பதிப்பித்தார். மறு ஆண்டே அரசு தடை செய்தது. தடை நீங்கியது 1947இல். முத்துப்பழனிக்கும் நாகரத்தினம்மாளுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது. ஒரே தொழில், ஒரே வித அவமதிப்பு. வாரிசு என்றால் எனக்கு அவர்தான் வாரிசு. அவர் தமக்காகப் பெறவில்லை, படிக்கிறவர்களுக்காகப் பெற்றார். வெட்டிய வரிகளை வெட்டாமல் கொடுத்தார். மூலத்தில் இருந்த பெயரை மூலத்திலேயே வைத்தார். என் கவுண்டர் பாஷையில் சொன்னால், உத்தமமான நாமினி.

7

அப்படியானால் என் கொள்ளுப்பாட்டியின் பெயரை நான் ஏன் இங்கே எழுதவில்லை? நியாயமான கேள்வி. ஒரு நண்பர் இதைக் கோழைத்தனம் என்றே சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான். பெயர் அவளுடையது, முகவரி எங்களுடையது. அவள் பெயரை மறைக்க எனக்கோ மாமாவுக்கோ அதிகாரமில்லை. அது தட்டின் லேபிலில் இருக்கிறது, பட்டியலில் இருக்கிறது. நான் செய்ததெல்லாம் பட்டியலில் பிழையாக இருந்த ஊர்ப் பெயரைத் திருத்தச் சொன்னதும், மாமாவிடம் கேட்ட வயதை வைத்து உத்தேசப் பிறந்த ஆண்டைச் சேர்க்கச் சொன்னதும்தான். அங்கே அவள் தன் பெயரோடு, தன் ஊரோடு, தன் ராகத்தோடு இருக்கிறாள். அங்கே என் பெயர் இல்லை. இங்கே என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரை அச்சிட்டால் அது இரண்டு பெண்களின் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும் முகவரியாகிவிடும்.

வெட்கப்பட வேண்டியது அவள் அல்ல. அவளுடைய கொள்ளுப்பேத்தியைப் பெண் பார்க்க வந்து கேள்வி கேட்கும் சமூகம்தான் வெட்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சமூகத்தோடு சண்டை போட வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. அந்தச் சண்டைக்கான விலையை நான் கொடுக்காமல் இன்னொருத்தியைக் கொடுக்க வைத்தால் அதற்குத் துணிச்சல் என்று பெயர் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்களிடம் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். மூத்தவள் இரண்டு முறை கேட்டாள். இளையவள் திருப்புகழை மட்டும் கேட்டுவிட்டு ஜாவளியின் அர்த்தம் என்னவென்று விசாரித்தாள். சொன்னேன், மழுப்பாமல். என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்பது இனி அவர்கள் தீர்மானம். நாமினியின் வேலை கைமாற்றிவிடுவதோடு முடிகிறது.

ஆனால் அந்தச் சேகரிப்பாளரின் பட்டியல் என்னை விடவில்லை. என் கொள்ளுப்பாட்டியின் எண்ணுக்கு மேலும் கீழுமாக அதே வாரத்தில் அதே இடத்தில் பாடிய வேறு பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. சிலருக்கு ஊர் மட்டும் தெரிகிறது, சிலருக்கு அதுவும் இல்லை. அவர்கள் வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை, வராமலே போகலாம். ஒவ்வொன்றாகப் பிரதி கேட்டு வாங்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாதாரணமான பாட்டு நிறைய இருக்கிறது. நடுவில் ஒரு காம்போதி இருக்கிறது, மூன்று நிமிஷத்தில், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அந்தப் பெண் எனக்கு எந்த உறவும் இல்லை. பணம் கேட்டு வருகிறவரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கலாம், கேட்டாக வேண்டும். பாட்டுக் கேட்க வருகிறவரிடம் அதைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை.